பதினைந்தாயிரம் கோடுகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சௌடப்பாவின் வீட்டு நடுக்கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். சௌடப்பா பின்கதவை ஒட்டி, கவிழ்த்துப் போட்ட பாக்குக் கூடையின்மேல் உட்கார்ந்து, எந்தப் பழுதும் இல்லாத ஒரு குடையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஹூவம்மா சன்னல் வெளிச்சத்தில் காலால் மிதித்துப் பிடிக்கும் மெட்டுக்கத்தியின் பலகைமேல் அமர்ந்து பச்சைப் பாக்கு உரித்துக்கொண்டிருந்தாள். மேலத்தோட்டத்து வீட்டிலிருந்து வந்த இரண்டு மூட்டையில் ஒன்று தீர்ந்திருந்தது. வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஹூவம்மாவின் தம்பி லோகப்பா, பாக்குமரம் ஏறும் கயிற்றைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்திருந்தான். வாசற்படியில், ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று வினுதாவின் வகுப்புத் தோழி ஷமீமா. சுவரில் சாய்ந்து தரையில் சௌடப்பாவின் மகள் வினுதா. ஐந்து பேருக்கும் நடுவே, பழுப்பு அட்டை போட்ட ரெகார்டு நோட்டு ஒன்று விரிந்து கிடந்தது.

அந்த நோட்டில் பதினொரு சோதனைகளுக்குக் கையெழுத்து விழுந்திருந்தது. பன்னிரண்டாவதற்கு விழவில்லை. நாளை, திங்கட்கிழமை, மாலை நாலு மணிக்குள் அது விழாவிட்டால் வியாழக்கிழமை பிராக்டிகல் தேர்வுக்கு வினுதாவை உள்ளே விடமாட்டார்கள். பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம் அந்த ஒரு பக்கத்தோடு நின்றுபோகும். மறுபடி எழுத அடுத்த டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும்.

"ஒரு பக்கம்தானே மாராயித்தி," என்று வினுதாவிடம் சொன்னான் லோகப்பா. "இந்தப் பொண்ணு தன் நோட்டைக் கையோட கொண்டுவந்து குடுக்குது. பார்த்து எழுதினா எவ்ளோ நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்," என்றாள் ஷமீமா. "படம் போட இன்னொரு அஞ்சு."

"கேட்டியா? பதினஞ்சு நிமிஷம். நான் ஒரு மரம் ஏறி இறங்கற நேரம்."

"நீங்க இறங்க மாட்டீங்க மாவா. ஒரு மரத்துலேர்ந்து அடுத்த மரத்துக்குத் தாவிடுவீங்க," என்று மாமனை மடக்கினாள் வினுதா.

"பேச்ச மாத்தாத."

 வெளியே பனி இன்னும் முழுதாக விலகியிருக்கவில்லை. மேலத்தோட்டத்துக் களத்தில் பாக்கு வேகும் வாசனை, துவர்ப்பும் புகையுமாக, ஓட்டு இடுக்குகள் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அத்திகொப்பா கிராமத்தில் டிசம்பர் முழுக்க வீட்டுத் துணியிலும் சோற்றிலும் அந்த வாசனைதான்.

நடந்தது இவ்வளவுதான். போன வியாழக்கிழமை கல்லூரி லேபில் வினுதாவின் முறை. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை கிரேட்டிங் வழியே செலுத்தி, அது எவ்வளவு விலகுகிறது என்று அளந்து, ஒளியின் அலைநீளத்தைக் கணக்கிட வேண்டும். கிரேட்டிங் என்பது ஒரு தீப்பெட்டி அகலக் கண்ணாடி. அதில் ஓர் அங்குலத்துக்குப் பதினைந்தாயிரம் கோடுகள் கீறியிருப்பதாக அதன் சட்டத்தில் ஒட்டிய லேபிள் சொன்னது. விலகும் கோணம் இருபது பாகையும் சொச்சமும் வரும், விடை 5893 ஆங்ஸ்ட்ராம் வரும். கல்லூரியில் இது எல்லோருக்கும் தெரியும். போன வருஷத்து மாணவர்களுக்கும் அதற்கு முந்தின வருஷத்து மாணவர்களுக்கும் தெரிந்திருந்தது.

வினுதாவுக்குக் கோணம் பதினாறு பாகை வந்தது. தொலைநோக்கியைத் திருப்பி மறுபக்கம் அளந்தாள். பதினாறு பாகை, பத்துக் கலை. விளக்கை நகர்த்தி, மேசையை மட்டம் பார்த்து, முதலிலிருந்து அளந்தாள். அதே பதினாறு, அதே பத்து. கணக்குப் போட்டால் 4714.

வெள்ளிக்கிழமை துறைத் தலைவர் ஸ்ரீபாத ஹெக்டே நோட்டைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனுஷர் இல்லை. ஒரே ஆள் நாலு வகுப்பு எடுக்கிறார், விரலிடுக்கில் எப்போதும் சாக்பீஸ் தூள்.

"4714 என்ன நிறம்மா?"

"நீலம் ஸார்."

"விளக்கு என்ன நிறம்?"

"மஞ்சள் ஸார்."

"அப்போ உன் கண்ணுல கோளாறா, கையில கோளாறா?"

"கண்ணாடியில இருக்கலாம் ஸார்."

சனிக்கிழமை அவள் பாதரச விளக்கை வைத்து அளந்தாள். பச்சை, ஊதா, இரண்டு மஞ்சள், எல்லாம் அலைநீளம் முன்பே தெரிந்த கோடுகள். அங்குலத்துக்குப் பதினைந்தாயிரம் என்று போட்டால் எல்லாமே தப்பாக வந்தன. பன்னிரண்டாயிரம் என்று போட்டால் எல்லாமே கச்சிதமாக உட்கார்ந்தன. சோடியத்தையும் பன்னிரண்டாயிரம் போட்டுப் பார்த்தாள். 5893. அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஹெக்டே ஸார் தேர்வுத் தாள் கட்டுகளுக்கு நடுவிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"கம்பெனி ஒட்டின லேபிள் பதினைஞ்சு. ஸ்டாக் ரிஜிஸ்டர்ல பதினைஞ்சு. ஆறு வருஷமா அத்தனை பேர் ரெகார்டுலயும் பதினைஞ்சு, எல்லாருக்கும் விடை சரி. நீ ஒருத்தி பன்னிரண்டுங்கற. நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடறது? திங்கக்கிழமை நாலு மணிக்குள்ள சரியா எழுதிக் கொண்டா. சரியான்னா எப்படின்னு உனக்கே தெரியும்."

இவ்வளவும் நடக்கும்போது விளக்கின் சுவிட்சருகே ஒருவர் நின்றிருந்தார். லேப் அட்டெண்டர் சௌடப்பா. மாணவர்கள் எல்லோரும் அவரைச் சௌடப்பண்ணா என்று கூப்பிடுவார்கள். லேபுக்குள் வினுதா மட்டும் அவரை எப்படியும் கூப்பிடுவதில்லை. அண்ணா என்று சொல்ல வாய் வராது, அப்பா என்று சொன்னால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சனிக்கிழமை மட்டும், எல்லோரும் போனபின் கேட்டாள்.

"அப்பா, இந்தக் கண்ணாடி எப்பவும் இதேதானா? மாத்தினாங்களா?"

"இதேதான்," என்றார் சௌடப்பா. விளக்கு ஆறுவதற்கு முன்பே அதன்மேல் உறையைப் போட்டார். பத்தொன்பது வருஷத்தில் அவர் செய்யாத காரியம் அது.

இப்போது குடைக்கம்பியை அவர் நாலாவது தடவையாக நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"பாவாவுக்கு இதுல என்ன கருத்து?" என்று லோகப்பா அவர் பக்கம் திரும்பினான். "பெத்த அப்பன். அதே லேப்ல வேலை. வாயைத் தொறக்க மாட்டேங்கறார். பாரு வினுதா, பதினஞ்சாம் தேதி காலேஜ் கமிட்டி கூடுது. உங்கப்பாவை நிரந்தரமாக்கற லிஸ்ட் அன்னைக்குத்தான் கையெழுத்தாகுது. பத்தொன்பது வருஷம் தற்காலிகம். நான் கமிட்டி மெம்பர் வீட்டுத் தோட்டத்துல பத்து நாள் பாக்குக் குலை இறக்கியிருக்கேன், இதுக்காகவே. இந்த நேரத்துல போயி, லேப்ல சாமான் சரியில்லன்னு நீ கொடி பிடிச்சா யார் தலையில விழும்? சாமானுக்குப் பொறுப்பு யாரு?"

"அது எனக்கும் தெரியும் மாவா. ஆனா நான் அளந்தேன். ரெண்டு நாள் அளந்தேன். வந்த நம்பரை அழிச்சுட்டு வராத நம்பரை எழுதணும்னா எதுக்கு லேபு? வீட்டுல உட்கார்ந்தே எழுதலாமே."

"நாங்க அப்படித்தான் எழுதறோம்," என்றாள் ஷமீமா. மறைப்பதற்கு எதுவுமில்லை என்கிற குரலில் சொன்னாள். "நான் தொலைநோக்கியில கண்ணை வெச்சேன். மஞ்சக் கோடு தெரிஞ்சுது. சீனியர் அக்கா நோட்டுலேர்ந்து நம்பரை எழுதினேன். அந்த அக்காவும் அப்படித்தான். எனக்கு வியாழக்கிழமையே கையெழுத்து ஆயிடுச்சு. இப்போ நீ பன்னிரண்டுன்னு நிரூபிச்சா என் நோட்டு என்ன ஆகும், யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"என்ன யோசிச்ச?"

"உன் நோட்டு பொய்யின்னு ஆகும்."

"நல்ல சிநேகிதி. உனக்குப் போயி எங்கப்பா கடை பன்ஸ் கொண்டுவந்தேன் பாரு."

"பன்ஸைத் திருப்பிக் கேக்காத. மாவா ரெண்டு தின்னுட்டார்."

லோகப்பா வாயைத் துடைத்துக்கொண்டான்.

ஹூவம்மாவின் கத்தியிலிருந்து பாக்கு உரிபடும் ஓசை அதுவரை சீராக வந்துகொண்டிருந்தது. இப்போது நின்றது. அவள் எழுந்து, கறுத்த விரல்களை முந்தானையில் துடைத்தபடி உள்ளே போனாள். ட்ரங்குப் பெட்டியின் நாதாங்கி விழும் சத்தம் கேட்டது. சௌடப்பா குடையைக் கீழே வைத்தார். ஹூவம்மா ஒரு பழைய வெற்றிலைத் தகரடப்பாவோடு வந்து, அதை ரெகார்டு நோட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுபடி பலகைமேல் உட்கார்ந்தாள்.

"என்ன அவ்வா இது?" என்று அம்மாவிடம் கேட்டாள் வினுதா.

"எனக்கென்ன தெரியும். ஆறு வருஷமா ரேஷன் கார்டுக்கு அடியில இருக்கு. மூணு நாள் சாப்பிடாம இருந்தார் அப்போ. என்னன்னு கேட்டா வயிறு சரியில்லங்கறார். வயிறு சரியில்லாதவர் டப்பாவை எதுக்குப் பூட்டி வெக்கணும்? நேத்து சாயங்காலத்துலேர்ந்து மறுபடி வயிறு சரியில்ல."

வினுதா டப்பாவைத் திறந்தாள். பஞ்சு. பஞ்சுக்குள் மூன்று கண்ணாடித் துண்டுகள். ஒன்றைச் சன்னல் பக்கம் சாய்த்தாள். துண்டின்மேல் வானவில் வழுக்கி ஓடியது.

 சௌடப்பா பேசத் தொடங்கினார். அவர் பேசும்போது யாரையும் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துப் பேசினார்.

"ஆகஸ்டு மாசம். அந்த வருஷ மழை உங்களுக்கே தெரியும், பத்து நாள் கரண்டு இல்ல. லேப் சுவரெல்லாம் ஓதம். லென்ஸ் எல்லாத்துலயும் பூஞ்சை. ஒவ்வொண்ணா எடுத்துத் தொடச்சு வெச்சேன். கிரேட்டிங் கண்ணாடியைத் தொடக்கூடாதுன்னு தெரியும். சட்டத்தை மட்டும் தொடச்சேன். கையிலேர்ந்து போச்சு."

"சொல்லியிருக்கலாமே பாவா," என்றான் லோகப்பா.

"அந்த மாசம்தான் ரெண்டு அட்டெண்டர்ல ஒருத்தரை நிறுத்தப் போறதாப் பேச்சு. பழைய பெட்டியில இன்னொரு கண்ணாடி இருந்தது. அதே அளவு, அதே சட்டம். அதோட லேபிளைக் கறையான் தின்னுருச்சு. உடைஞ்சதோட லேபிளைத் தண்ணி தொட்டு உரிச்சு இதுல ஒட்டினேன்."

"அதுல இருக்கற நம்பர்?"

"கண்ணாடி கண்ணாடிதானேன்னு நெனச்சேன் மகளே. நம்பரு கம்பெனி விலாசம் மாதிரி ஏதோன்னு. ஒரு மாசம் பயந்துட்டே இருந்தேன். செமஸ்டர் வந்தது. முதல் பையன் அளந்தான். ஹெக்டே ஸார் பார்த்தார், சரின்னார். அடுத்தவன், சரி. எல்லாருக்கும் 5893. ஆறு வருஷத்துல எழுபது எண்பது பேர் இருப்பாங்க. ஒருத்தருக்குக்கூட தப்பா வரலை. நான் என்ன நினைப்பேன்? கண்ணாடி சரியாத்தான் இருக்கு, பயமே வீண்னு நெனச்சேன்."

ஷமீமா வெளியே இருந்த காலையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். 

"அளந்திருந்தா முதல் பையனே கண்டுபிடிச்சிருப்பான்," என்றாள்.

"லேப்ல எது உடைஞ்சாலும் பிரேக்கேஜ் நோட்டுல ஏத்தணும்," என்றார் சௌடப்பா. "தேதி, பேரு, என்ன சாமான். அந்த நோட்டை எழுதறவன் நான். டெஸ்ட் ட்யூப் உடைச்ச பசங்களெல்லாம் 'விட்ருங்க சௌடப்பண்ணா'ன்னு கெஞ்சுவாங்க. ஒருத்தனை விட்டதில்ல. பத்தொன்பது வருஷத்துல அதுல ஏறாத பேரு ஒண்ணுதான்."

ஹூவம்மா எழுந்து அடுப்புப் பக்கம் போய் ஐந்து தம்ளரில் வெல்லக் காபி கொண்டுவந்தாள். நேற்றைய அரிசிமாவு அக்கி ரொட்டியைத் தணலில் வாட்டி, பூண்டுச் சட்னியோடு தட்டில் போட்டு முதலில் புருஷன் முன் வைத்தாள். "வயிறு சரியாயிருக்கும். சாப்பிடுங்க," என்றாள். அவர் சாப்பிட்டார்.

வினுதா சாப்பிடவில்லை. துண்டுகளில் பெரியதை விரலிடுக்கில் பிடித்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

"மாவா, உங்க சாவிக்கொத்துல அந்த லேசர் லைட்டு இன்னும் எரியுதா?"

"கோவில் ஜாத்ரையில வாங்கினது. பூனைக்கு விளையாட்டுக் காட்டறேன். எதுக்கு?"

"இந்தத் துண்டு நெஜமாவே பதினைஞ்சாயிரமான்னு பார்க்கணும். அப்பா சொன்னா மட்டும் போதாது."

"பெத்த அப்பன் பேச்சுல நம்பிக்கை இல்ல," என்று லோகப்பா அக்காவிடம் முறையிட்டான்.

"அவர் பேச்சுல எனக்கே நேத்து நம்பிக்கை இல்ல," என்றாள் ஹூவம்மா.

நெல் போட்டு வைக்கும் உள்ளறையில் சன்னல் கிடையாது. வினுதா தீப்பெட்டி ஒன்றை நிறுத்தி, அதன் விளிம்பில் சோற்றுப் பருக்கையால் கண்ணாடித் துண்டை ஒட்டினாள். ஹூவம்மாவின் தையல் டேப்பால் துண்டிலிருந்து சுவர்வரை இரண்டு தடவையாக அளந்து சரியாக மூன்று மீட்டர் வைத்தாள். பிறகு சிவப்பு லேசரின் அலைநீளம் 6500 என்று வைத்து நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு, கரித்துண்டால் சுவரின் ஓரத்தில் இரண்டு எண்களை எழுதினாள். 97. 125.

"இது என்ன?" என்றான் லோகப்பா.

"லேசரை அடிச்சா நடுவுல ஒரு புள்ளி விழும், பக்கத்துல ஒரு புள்ளி விழும். ரெண்டுக்கும் நடுவுல தொண்ணூத்தேழு சென்டிமீட்டர் இருந்தா கண்ணாடி பன்னிரண்டாயிரம். நூத்து இருபத்தஞ்சு இருந்தா பதினைஞ்சாயிரம். லேபிளை மாத்தலாம், இதை மாத்த முடியாது."

"அடிக்கறதுக்கு முன்னாலயே எழுதிட்டியா?"

"முன்னாலதான் எழுதணும் மாவா. அடிச்சப்புறம் எழுதினா அது ஷமீமா நோட்டு."

"கேட்டுட்டுத்தான் இருக்கேன்," என்றாள் ஷமீமா சுவரோரமிருந்து. புள்ளி விழும் இடத்தில் குறி போட அவள் கரித்துண்டோடு நின்றிருந்தாள்.

லோகப்பா மூச்சை அடக்கி லேசரைப் பிடித்தான். அறுபதடி உயரத்தில், ஆடும் மரத்தில், ஒரு கையால் குலை அறுக்கிற கை அது. துளியும் நடுங்கவில்லை. சுவரின் நடுவில் சிவப்புப் புள்ளி விழுந்தது. பக்கவாட்டில், நெற்குதிருக்கும் அப்பால், தூரத்தில் மங்கலாக இன்னொரு புள்ளி. ஷமீமா ஓடிப்போய்க் குறி போட்டாள். சௌடப்பா நிலைப்படியில் வந்து நின்றிருந்தார். வினுதா டேப்பை நீட்டி அவரிடமே கொடுத்தாள். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை அவள் பிடித்தாள்.

"நூத்து இருபத்து நாலு," என்றார் சௌடப்பா.

"இன்னொரு தடவை பாருங்க."

"நூத்து இருபத்து நாலுதான்."

"ஒண்ணு குறையுதே," என்று லோகப்பா பதறினான். அவனுக்கு இப்போது இந்த வழக்கு சொந்த வழக்காகிவிட்டிருந்தது. "நான் ஆட்டிட்டேனா?"

"அந்த ஒண்ணு நம்ம டேப்போட பிழை, பருக்கையோட பிழை. அது இருக்கும். அதையும் எழுதணும்."

கூடத்துக்குத் திரும்பி வந்தபோது மணி பதினொன்று. வினுதா நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது அவளிடம் எல்லாம் இருந்தது. ஆனாலும் பேனாவைத் திறக்கவில்லை.

"அப்பா. உங்க பேர் வராம எழுதப் பார்க்கறேன். பழைய கிரேட்டிங் எப்பவோ உடைஞ்சது, யாரோ மாத்தியிருக்காங்கன்னு."

"அதான் புத்தி," என்றான் லோகப்பா.

"யாரோன்னா யாரு?" என்றார் சௌடப்பா. "அந்த அலமாரிச் சாவி ஒருத்தன்கிட்டதான் இருக்கு. அதுவுமில்லாம பேரில்லாத காகிதத்தை ஹெக்டே ஸார் நம்ப மாட்டார். ஏன் நம்பணும்? உன்கிட்ட எந்தத் தப்பும் இல்லன்னு அவருக்குத் தெரியணும்னா, தப்பு யார்கிட்டன்னு தெரியணும்."

"பதினஞ்சாம் தேதி?" என்றாள் வினுதா.

"வரட்டும்."

"பத்தொன்பது வருஷம் பாவா," என்றான் லோகப்பா. குரல் இறங்கியிருந்தது. "நான் அந்த மெம்பர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"நீ மரத்து மேல இருப்ப. அவர் கீழ இருப்பார். முழிக்க வேண்டாம்."

அன்று காலை அவர் சொன்ன முதல் வேடிக்கை அதுதான். ஹூவம்மா சிரிக்கவில்லை. புருஷனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அந்த வேலை போனா மேலத்தோட்டத்துல பாக்கு வேக வைக்க ஆள் இல்லன்னு ரெண்டு வருஷமா கேட்டுட்டு இருக்காங்க," என்றாள். "கையிலேர்ந்து விழுந்தா அண்டா உடையாது." சொல்லிவிட்டுக் கத்தியை மிதித்து வேலையைத் தொடங்கினாள்.

பிரின்சிபாலுக்கான கடிதத்தைச் சௌடப்பா தானே எழுதினார். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு நின்றவர் என்றாலும் கையெழுத்து குண்டு குண்டாக, வரி பிசகாமல் இருக்கும். லேப் அலமாரியின் அத்தனை சீட்டுகளும் அவர் எழுதியவைதான். முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். லோகப்பா பின்னால் நின்று எட்டிப் பார்த்தான்.

"'கைதவறி விழுந்தது'ன்னு எதுக்கு? 'விழுந்து உடைந்தது'ன்னு போடுங்க. தானா விழுந்த மாதிரி இருக்கும்."

"தானா விழலையே."

"'லேபிளை மாற்றி ஒட்டினேன்'ங்கறதையாவது விடுங்க மாராயா. உடைச்சதுக்கு மன்னிப்பாங்க. ஒட்டினதுக்கு மன்னிக்க மாட்டாங்க."

"ஒட்டினதுதான் விஷயமே. உடைச்சதால எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் இல்ல."

கடைசியில் ஒரு பக்கம் வந்தது. எந்த வருஷம், எந்த மாதம், எந்த அலமாரி என்று தொடங்கி, எப்படி உடைந்தது, எதை எதில் ஒட்டினார் என்பதுவரை இருந்தது. அதற்குப் பிறகு இப்படி எழுதியிருந்தார்: 'இத்தனை வருஷமும் மாணவர்களின் விடை சரியாக வந்ததால் இதனால் நஷ்டமில்லை என்று எண்ணியிருந்தேன். கடந்த வியாழக்கிழமை மாணவி வினுதா உள்ளபடி அளந்ததில் பிழை தெரியவந்தது. மேற்படி மாணவி என் மகள். அதனால் இதை எழுதவில்லை. அவள் அளவு சரி என்பதால் எழுதுகிறேன். உடைந்த துண்டுகளைத் தபாலில் வைக்கக் கூடாது என்பதால் கையில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். பிரேக்கேஜ் நோட்டில் என் பெயரை இன்றைய தேதியிட்டு ஏற்றுகிறேன்.'

"தபாலா?" என்றாள் ஷமீமா. "பிரின்சிபால் ரூம் உங்க லேபுக்குப் பக்கத்துலதானே சௌடப்பண்ணா."

"கையில குடுத்தா டிராயருக்குள்ள போகும். பதினஞ்சாம் தேதிக்கு அப்புறம் வெளிய வரும், நல்லவங்க, என் மேல இரக்கப்பட்டு. ரிஜிஸ்டர் தபால்ல போனா ஆபீஸ்ல பதிவு நம்பர் போடணும். நம்பர் போட்டா பதில் எழுதணும். நானே அந்த ஆபீஸ்ல ஆறு மாசம் தபால் பதிஞ்சிருக்கேன். நாளைக்கு நாலு மணிக்குள்ள ஹெக்டே ஸாருக்குத் துண்டையும் ரசீதையும் காட்டினாப் போதும்."

ஷமீமா தன் நோட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாசற்படியில் நின்றாள்.

"நாளைக்கு லேப் எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"பத்து."

"ஒன்பதுக்குத் திறங்க. எனக்கும் அளக்கணும். கையெழுத்து போனா போகுது. எனக்கும் நீலம் வருதான்னு பார்க்கறேன்."

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அப்பாவும் மகளும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். சௌடப்பா சலவை செய்த காக்கிச் சட்டை போட்டு, பாக்கெட்டில் வெற்றிலை டப்பாவை வைத்திருந்தார். தபாலாபீசுக்கு நேர் எதிரே கல்லூரி கேட். நடுவில் ஒரு தார்ச்சாலை, அதில் பாக்கு மூட்டை ஏற்றிய லாரிகள். கேட்டருகே ஷமீமா நோட்டோடு நிற்பது தெரிந்தது.

தபாலாபீஸ் கவுண்டரில் பிலோமினா உறையை வாங்கி விலாசத்தைப் படித்தாள்.

"சௌடப்பண்ணா, இது எதிர்ல இருக்கற காலேஜு."

"ஆமா."

"நீங்க அங்கதானே வேலை செய்யறீங்க?"

"ஆமாம்மா."

"நடந்து போய்க் குடுத்தா அம்பது அடி. இது இங்கேர்ந்து பையில ஏறி, பிரிச்சு, நாளைக்குத்தான் திரும்பி அங்க போகும்."

"நாளைக்குப் போகட்டும். ரசீது வேணும். அவங்க வாங்கிக்கிட்ட கையெழுத்துச் சீட்டும் வேணும்."

பிலோமினா வினுதாவைப் பார்த்தாள். வினுதா தலையசைத்தாள்.

சௌடப்பா உறையைத் திரும்ப வாங்கி, தாளை ஒருமுறை வெளியே எடுத்துப் படித்து, மடித்து உள்ளே வைத்தார். ஓரத்துப் பசைக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு மூடியின் விளிம்பு முழுக்கத் தடவி, கட்டைவிரலால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அழுத்தினார். லென்ஸ் துடைக்கிற அதே நிதானம். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"நீ போய்த் திற. விளக்கைப் போட்டு வை. நிறம் நிலைக்கப் பத்து நிமிஷம் ஆகும். ஷமீமாவை அதுவரைக்கும் எதையும் தொட விடாத."

"ரசீது நம்பர் வரட்டும் அப்பா."

நம்பர் வந்தது. வினுதா கவுண்டர் பலகையிலேயே ரெகார்டைத் திறந்து, பன்னிரண்டாவது சோதனைக்குப் போனாள். கோடுகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் பேனாவால் 12,000 என்று எழுதினாள். ஆதாரம் என்று பக்கத்தில் எழுதி, அதற்குக் கீழே ரசீதின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து எழுதினாள். கையெழுத்துக்கான கட்டம் கீழே காலியாக இருந்தது. மை உலரட்டும் என்று நோட்டை மூடாமல் பிடித்துக்கொண்டாள்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் பிலோமினா உறையின்மேல் இரண்டு தடவை முத்திரை அடித்து, மூன்றாவதாகப் பின்பக்கத்து ஒட்டின்மேல் ஒன்று அடித்து, கையை உயர்த்திப் பையில் போட்டாள்.